ஜாகுவார் மார்க் 2, ரோவர் 3500எஸ், டோலமைட் ஸ்பிரிண்ட்: பழைய பிரிட்டிஷ் வேக சலூனில் எதைப் பார்த்து வாங்குவது?

மழைக்கோட்டு:
வணக்கம். இங்கிலாந்திலேயே வாங்கி அங்கேயே ஓட்ட மூன்று சலூன் (செடான்) கார்களைக் குறித்து வைத்திருக்கிறேன்: ஜாகுவார் மார்க் 2 (3.8 அல்லது 3.4 லிட்டர்), ரோவர் பி6 3500எஸ், ட்ரையம்ப் டோலமைட் ஸ்பிரிண்ட். வருஷத்துக்கு இரண்டாயிரம் மைல் ஓடினாலே அதிகம். நாலு பேர் உட்காரணும், மோட்டார்வேயில் லாரிக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு போகக் கூடாது. எதை முதலில் பார்ப்பது, எதைப் பார்த்ததும் திரும்பி வந்துவிடுவது என்று சொல்லுங்கள். விலை நிற்குமா என்பது இரண்டாவது கேள்வி.

நாலாம்கியர்:
'வேக சலூன்' என்று தலைப்பைப் பார்த்து, அஞ்சு நிமிஷத்தில் முடி வெட்டிவிடுகிற கடையாக்கும் என்று உள்ளே வந்துவிட்டேன். வந்தது வந்தாச்சு, ஒரு சந்தேகம் கேட்டுவிடுகிறேன். இன்றைய சாதாரண டீசல் செடானே சிக்னலில் இந்த மூன்றையும் விட்டுவிட்டுப் போய்விடும். அப்புறம் என்ன வேகம்?

ஊசியும்_ஜெட்டும்:
போகும், அதில் சண்டையே இல்லை. 3.8 மார்க் 2 நின்ற இடத்திலிருந்து அறுபது மைல் வேகம் எடுக்க எட்டரை நொடி ஆகும், உச்சம் 125 மைல். ஆனால் அது வந்த காலத்தைப் பாருங்கள். மார்க் 2 அறிமுகமானது 1959 அக்டோபர். எம்1 மோட்டார்வே திறந்தது அதே ஆண்டு நவம்பர் 2. அதில் அப்போது வேக வரம்பே கிடையாது, 70 மைல் கட்டுப்பாடு 1965 டிசம்பரில்தான் வந்தது. ஐந்து பேர், பெட்டி படுக்கை, தோல் இருக்கை, வால்நட் மரப் பலகை எல்லாவற்றோடும் மணிக்கு 200 கிலோமீட்டர் போய், நாலு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக் போட்டு நிற்கிற வண்டியை ஒரு டாக்டரோ வக்கீலோ கடையில் வாங்க முடிந்தது. உள்ளே இருக்கிற எக்ஸ்கே இன்ஜின், 1950களில் லே மான் பந்தயத்தை ஐந்து முறை வென்ற ஜாகுவார்களின் அதே குடும்பம். 1960 முதல் 1963 வரை நாலு வருஷமும் டூர் டி பிரான்ஸ் கார் பந்தயத்தின் டூரிங் பிரிவை பெர்னார் கோன்ஸ்தென் வென்றது 3.8 மார்க் 2 வைத்துத்தான்.

ஸ்போர்ட்ஸ் காரின் இன்ஜினைக் குடும்பக் காருக்குள் வைத்து, வெளியே கோட்டு சூட்டு மாட்டிவிடுவது. இந்த வகை வண்டியின் கவர்ச்சி அங்கேதான் இருக்கிறது. சிக்னலில் யார் முதலில் போனார் என்பது வேறு கணக்கு.

துருப்பிடிச்சவன்:
கதை நல்லாயிருக்கு, இனி வண்டிக்கு வருவம். தம்பி மழைக்கோட்டு, இஞ்சினைப் பிறகு பாக்கலாம். மார்க் 2க்குத் தனிச் சேசிஸ் இல்லை, எல்லாப் பாரத்தையும் பொடிதான் (பாடி) தாங்குது. பெயின்ற் மினுங்குதெண்டு மயங்காதேங்கோ. போகேக்கை ஒரு காந்தம், ஒரு டோர்ச், நிலத்திலை படுக்கப் பழைய கோட் ஒண்டு கொண்டு போங்கோ.

முன்பக்கம்: பம்பருக்குப் பின்னாலை, விரிஞ்ச விரல் மாதிரி ஒரு தாங்கி இருக்கும், ஆக்கள் அதைக் காக்காய்க்கால் எண்டுதான் சொல்லுறவை. சில்லு (சக்கரம்) எறியிற சேறு அங்கை போய்த் தங்கி, வருஷக் கணக்கா ஈரமாயே கிடக்கும். முதல்லை உக்கிறது அதுதான். ஹெட்லைட் கிண்ணத்துக்கு மேலையும் இதே கதை.

நடுப்பக்கம்: ஜாக் வைக்கிற இடத்திலை வைச்சு வண்டியை மெதுவாத் தூக்கி, அந்தப் பக்கக் கதவைத் திறந்து மூடிப் பாருங்கோ. கதவு இடிச்சாலோ, இடைவெளி மாறினாலோ, சில் (கதவுக்குக் கீழை நீளமா ஓடுற பெட்டித் தகடு) உள்ளுக்குள்ளை செத்துப் போச்சு. வெளியிலை புதுத் தகடு தெரியும், அது பழைய சில் தகட்டுக்கு மேலை ஒட்டின மூடியா இருக்கலாம். விரலாலை அடி விளிம்பைத் தடவுங்கோ. ஒரு விளிம்புக்கு ரெண்டு மூண்டு படை தகடு தட்டுப்பட்டால் அது பூசி மெழுகின வேலை.

பின்பக்கம்தான் காசைத் தின்னும். மார்க் 2இன்ரை பின் லீஃப் ஸ்பிரிங் மற்றக் கார்களைப் போலை அச்சுக்குப் பின்னாலை தொங்கிறதில்லை. பாதி ஸ்பிரிங் பொடியிலை இருக்கிற பெட்டிக்குள்ளை போய் உக்காந்திருக்கும். அந்தப் பெட்டியும், அச்சு பக்கவாட்டிலை அசையாமல் பிடிக்கிற பனார்ட் றொட் பூட்டுற தாங்கியும் உக்கினால், லேன் மாத்தேக்கை பின்பக்கம் ஒரு தரம் தனியா அசைஞ்சுட்டு வரும். ஓட்டிப் பாக்கேக்கை அதைக் கவனியுங்கோ. பிறகு ஸ்பெயர் சில்லுக் குழி, கதவுகளின்ரை அடி.

திருத்திறது எப்படி எண்டால், வண்டி மட்டமா நிக்க, கதவு வெளிகளுக்குக் குறுக்கை இரும்புக் குழாய் வெல்ட் பண்ணி இறுக்கிப்போட்டுத்தான் சில் தகட்டை வெட்ட வேணும். ஒரு பக்கம் முடிஞ்ச பிறகு மற்றப் பக்கம். ரெண்டையும் ஒரேயடியா வெட்டினால் பொடி நடுவிலை தொய்ஞ்சிடும், பிறகு எந்தக் கதவும் பூட்டாது. அப்பிடித் தொய்ஞ்ச வண்டியளைக் கதவு விளிம்பிலை ஃபில்லர் பசை அப்பி மறைச்சு விக்கினம். பசையிலை காந்தம் ஒட்டாது, காந்தம் அதுக்குத்தான்.

மழைக்கோட்டு:
ரொம்ப நன்றி அண்ணா. அப்படியென்றால் இன்ஜினில் பார்க்க ஒன்றுமே இல்லையா?

ஊசியும்_ஜெட்டும்:
இருக்கு. ஆனால் எக்ஸ்கே இன்ஜினில் திருத்த முடியாதது என்று எதுவும் இல்லை, உதிரிப் பாகம் எல்லாமே கிடைக்கும். அதனால் கோளாறு விலை பேச உதவும், வண்டியை ஒதுக்கக் காரணம் ஆகாது.

நன்றாகச் சூடான பிறகு 3,000 சுற்றில் எண்ணெய் அழுத்தம் 40 பி.எஸ்.ஐ. அளவில் நிற்கணும். குளிரில் 60 காட்டுகிறதே என்று விற்பவர் பெருமைப்பட்டால் சிரித்துக்கொண்டு இருபது மைல் ஓட்டிவிட்டு மறுபடி பாருங்கள். முன்னால் செயின் கலகலத்தால் மேல் செயினா கீழ் செயினா என்று கண்டுபிடிக்கணும். மேல் செயினை இறுக்கிக்கொள்ளலாம், அரை மணி வேலை. கீழ் செயின் என்றால் ஹெட்டும் சம்ப்பும் (அடியில் இருக்கிற எண்ணெய்த் தொட்டி) கழற்றித்தான் டைமிங் மூடியைத் திறக்க முடியும்.

வால்வு சத்தம் துளிகூட இல்லாமல் மௌனமாக ஓடினால் சந்தேகப்படுங்கள். இடைவெளி இன்லெட்டுக்கு 4 தவ், எக்ஸாஸ்ட்டுக்கு 6 தவ் (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு தவ்). திருகு எதுவும் கிடையாது, வால்வின் மேல் கவிழ்ந்த பக்கெட்டுக்கு அடியில் சின்ன ஷிம் (கனம் சரிசெய்கிற வில்லை). அதை மாற்ற கேம்ஷாஃப்டையே கழற்றணும், அதனால் பலர் வருஷக்கணக்கில் தொடுவதே இல்லை. வால்வு இருக்கையில் தேயத் தேய இடைவெளி சுருங்கும், ஒரு நாள் வால்வு முழுசாக மூடாமல் எரிந்துபோகும். லேசான டிக் டிக் ஆரோக்கியம்.

சூடு ஏறுகிறது என்றால் எல்லோரும் ரேடியேட்டரை மாற்றுவார்கள். இந்த பிளாக்கின் பின்பக்கம்தான் சேறும் துருவும் படியும். பக்கவாட்டுக் கோர் பிளக்குகளை (பிளாக்கின் துளைகளை அடைக்கிற தகட்டு மூடிகள்) தட்டி எடுத்து, கம்பி விட்டுக் கிளறி, குழாய்த் தண்ணீர் அடித்துக் கழுவணும். காபிப் பொடி மாதிரி கொட்டும். ஜாகுவாரின் கணக்கில் முதல் சிலிண்டர் பின்னால், ஃபயர்வால் (இன்ஜினுக்கும் ஆட்கள் உட்காரும் இடத்துக்கும் நடுச் சுவர்) பக்கம் இருக்கிறது என்பதையும் மறக்கவேண்டாம். 1-5-3-6-2-4 என்ற தீப்பொறி வரிசையில் பிளக் வயர் மாட்டும்போது முன்பக்கத்திலிருந்து எண்ணினவர்கள் பாதி நாள் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார்கள்.

கடைசியாக, இரண்டு எஸ்யூ எச்டி6 கார்ப்பரேட்டரோடு குளிர் ஸ்டார்ட்டுக்கென்று மூன்றாவதாக ஒரு குட்டி கார்ப்பரேட்டர் உண்டு. தண்ணீர் சுமார் 35 டிகிரி ஆனதும் ஒரு சூட்டு சுவிட்ச் அதை அணைக்கணும். சுவிட்ச் செத்தால் அணையாது. 'உஸ்ஸ்' என்று உறிஞ்சுகிற சத்தம் நிற்காது, சைலன்ஸர் வாயில் கரி படியும், பெட்ரோல் சிலிண்டர் சுவரின் எண்ணெயைக் கழுவிக்கொண்டு சம்ப்புக்குள் இறங்கும். டிப்ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள், பெட்ரோல் வாடை அடித்தால் இதுதான். பலர் டேஷ்போர்டுக்கு அடியில் கையால் போடுகிற ஒரு சுவிட்ச் வைத்துவிடுகிறார்கள். சரியான வேலை, அணைக்க மறக்காதவர்களுக்கு.

வி8_விசிறி:
எல்லாரும் ஜாகுவார் பஜனையே பாடுகிறீர்கள். மூன்றில் பொறியியல் என்று பார்த்தால் ரோவர் பி6தான் மேலே. 1963இல் 'ரோவர் 2000' என்ற பெயரில் வந்தது, ஐரோப்பாவின் 'ஆண்டின் சிறந்த கார்' விருது முதன்முதலில் 1964இல் கொடுக்கப்பட்டபோது அதை வாங்கியது இதுதான். பின்னால் டிடியன் அச்சு (டிஃபரன்ஷியல் பாடியில் நிற்கும், இரண்டு சக்கரத்தையும் ஒரு குழாய் இணைக்கும்), உள்பக்கமாக டிஃபரன்ஷியலை ஒட்டி வைத்த டிஸ்க் பிரேக். முன் ஸ்பிரிங் படுத்த வாக்கில் இருக்கும், இடி எல்லாம் ஃபயர்வாலுக்குப் போகும். ஏன் அப்படி? கேஸ் டர்பைன் இன்ஜின் ஒருநாள் வைக்கலாம் என்று இன்ஜின் அறையை அகலமாக விட்டிருந்தார்கள். டர்பைன் வரவில்லை. வந்தது அமெரிக்காவில் ப்யூக் கைவிட்ட அலுமினிய வி8. 3528 சி.சி., எடை கிட்டத்தட்ட பழைய நாலு சிலிண்டர் இரும்பு இன்ஜின் அளவே. 1968இல் ஆட்டோமேட்டிக் 3500, 1971இல் கையால் கியர் மாற்றுகிற 3500எஸ்.

இதில் மாட்டிக்கொள்வது எப்படி என்றால், வெளித் தகடு எல்லாமே போல்ட்டில் நிற்கிறது, கூரை உள்பட. அடியில் இருக்கிற எலும்புக்கூடுதான் வண்டி. பளபளவென்று நாலு விங்கும் கதவும் மாட்டி, உள்ளே எலும்புருக்கி நோயோடு விற்பது ரொம்ப சுலபம். பின் சீட்டைத் தூக்கச் சொல்லுங்கள், அது முதல் வேலை. சீட்டுக்கு அடித் தகடு, உள் சில், பின் கதவுக்குப் பின்னால் இருக்கிற தூண், எல்லாம் அங்கிருந்தே தெரியும். பின் விங் சில போல்ட்டுகளில் கழன்று வரும், விற்பவர் கழற்றவிடவில்லை என்றால் பதில் கிடைத்துவிட்டது. முன் ஸ்பிரிங் முட்டுகிற ஃபயர்வால் பகுதியில் துரு இருந்தால் பேசாமல் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம்.

இன்ஜினில் மூன்று விஷயம். ஆண்டிஃப்ரீஸ் இல்லாமல் வெறும் தண்ணீர் ஊற்றிய வி8இல் அலுமினியம் அரித்துப்போயிருக்கும். எண்ணெய் மாற்றாமல் விட்டதில் கேம் லோப் (வால்வைத் திறக்கிற கேம்ஷாஃப்ட் மேடு) தேயும், அப்போது வண்டி சத்தமில்லாமல் சோர்ந்துபோகும், அவ்வளவுதான் அறிகுறி. ராக்கர் மூடியைக் கழற்றி இன்ஜினைக் கையால் சுற்றி ஒவ்வொரு வால்வும் எவ்வளவு இறங்குகிறது என்று டயல் கேஜில் பார்த்தால் தெரிந்துவிடும். துத்தநாகச் சேர்க்கை உள்ள 20டபிள்யூ-50 ஊற்றுங்கள், இன்றைய மெல்லிய எண்ணெய் இந்த டாப்பெட்டுக்கு ஆகாது. மூன்றாவது, ஹெட் போல்ட்டின் வெளி வரிசை. அதையும் மற்ற போல்ட் அளவுக்கே முறுக்கினால் ஹெட் வெளிப்பக்கம் சாய்ந்து, இரண்டு சிலிண்டர் வரிசைக்கும் நடுவே இருக்கிற பள்ளத்தின் பக்கம் கேஸ்கெட் கசியும். அதனால்தான் விஷயம் தெரிந்தவர்கள் வெளி வரிசையை லேசாக மட்டும் இறுக்குவார்கள்.

பின் பிரேக் பேட் மாற்றுவது தவம். ஹேண்ட்பிரேக் நெம்புகோல்கள் ஓடாமல் நின்றால் இறுகிப்போகும், டிஃபரன்ஷியல் சீல் கசிந்தால் எண்ணெய் நேராக டிஸ்க்கில்தான் விழும்.

நாலாம்கியர்:
இந்த ரோவருக்கும் சென்னையில் செய்த ஸ்டாண்டர்டு 2000க்கும் சொந்தம் உண்டு இல்லையா?

வி8_விசிறி:
பி6க்கு அடுத்து வந்த எஸ்டி1இன் பாடி அது. உள்ளே வி8க்குப் பதிலாக 1940களின் வேன்கார்டு வழி வந்த 2 லிட்டர் இன்ஜினை வைத்தார்கள். பட்டு வேட்டி கட்டிய மாட்டு வண்டி. மேலே சொன்ன 'கோட்டு சூட்டு' கொள்கையை அப்படியே தலைகீழாகச் செய்தது.

ஊசியும்_ஜெட்டும்:
டோலமைட் ஸ்பிரிண்ட்டை யாரும் தொடவில்லை. 1973, 1998 சி.சி., 127 குதிரைசக்தி, 16 வால்வு. கேம்ஷாஃப்ட் ஒன்றே ஒன்று, அதில் எட்டே லோப். ஒவ்வொரு லோபும் ஒரு இன்லெட் வால்வை நேராக அமுக்கும், சுற்றி வந்து அதே லோப் ஒரு ராக்கர் வழியாக எக்ஸாஸ்ட் வால்வையும் அமுக்கும். 1975இல் ஆண்டி ரௌஸ் பிரிட்டிஷ் சலூன் கார் சாம்பியன்ஷிப்பை வென்றது இந்த வண்டியில்தான்.

குறை ஒன்றுதான், அது எல்லாவற்றையும் விழுங்கும். வாட்டர் பம்ப் பிளாக்கின் உச்சியில் இருக்கிறது. தண்ணீர் கொஞ்சம் குறைந்தாலே பம்ப் காற்றைத்தான் சுற்றும். சூடு காட்டும் கேஜ் முள் அப்போது சாதுவாக நிற்கும், ஏனென்றால் சூட்டை உணர்கிற இடத்தைத் தொட அங்கே தண்ணீர் இல்லை. அதற்குள் அலுமினிய ஹெட் வளைந்துவிடும். கழற்றலாம் என்றால் இரும்பு ஸ்டட் (ஹெட்டைப் பிடிக்கிற திருகுக் கம்பி) அலுமினியத்தோடு அரித்து ஒட்டிக்கொண்டிருக்கும், நாட்கணக்கில் எண்ணெய் ஊறவைத்து இரட்டை நட் போட்டு ஒவ்வொன்றாகத் திருகி எடுக்கணும். வாங்கும்போது பம்ப்பின் கசிவுத் துளையில் ஈரம் இருக்கிறதா பாருங்கள். தண்ணீர் நிரப்பும்போது முன்பக்கத்தை உயர்த்தி வைத்து, காற்று முழுக்க வெளியேறும்வரை நிரப்புங்கள். துரு எங்கே என்றால் சில், முன் உள் விங், வினைல் கூரையின் ஓரம். வினைலில் ஒரு சின்னக் கொப்புளம் தெரிந்தாலே அடியில் தகடு போய்விட்டது.

மூன்றுமே அலுமினிய ஹெட், வால்வு இருக்கைகள் தனியாகப் பதித்தவை. அதனால் ஈயமில்லாப் பெட்ரோலுக்குப் பயப்படவேண்டாம். பயப்படவேண்டியது இ10க்கு (10 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல்). 2021 செப்டம்பரிலிருந்து அங்கே சாதாரணப் பம்ப்பில் அதுதான், பழைய ரப்பர் குழாயை மென்மையாக்கி விரிசல் விடவைக்கும். ஆர்9 தரக் குழாய் மாற்றி, சூப்பர் கிரேடு இ5 ஊற்றுங்கள். ஆரம்பகால 3500இன் கம்ப்ரெஷன் 10.5:1, அதற்கு எப்படியும் சூப்பர்தான் வேண்டும்.

கணக்கு_வாத்தி:
இரண்டாவது கேள்விக்கு வருவோம். 'விலை ஏறும்' என்று வாங்காதீர்கள். மார்க் 2 எண்பதாயிரத்துக்கு மேல் செய்தார்கள், அபூர்வப் பொருள் இல்லை. ஸ்பிரிண்ட் 22,941தான், ஆனால் விலையில் மார்க் 2 பக்கத்தில்கூட வராது. எண்ணிக்கையால் விலை வருவதில்லை. ஆசைப்படுகிறவர்கள் எத்தனை பேர், நல்ல பாடி எத்தனை மிச்சம் என்பதுதான். மார்க் 2க்குள்ளேயே 3.8, ஓவர்டிரைவ் (வேகமாகப் போகும்போது இன்ஜின் சுற்றைக் குறைக்கிற கூடுதல் கியர்), மேனுவல் என்றால் உச்சம், அடுத்து 3.4, கடைசியில் 2.4 ஆட்டோமேட்டிக்.

துருப்பிடிச்சவன் சொன்ன பாடி வேலையை முழுதாகக் கூலிக்கு விட்டால், முடிந்த வண்டியின் விலையைத் தாண்டிவிடும். ஆகவே அந்தச் செலவை ஏற்கெனவே ஒருவர் செய்து, புகைப்படமும் ரசீதும் வைத்திருக்கிற வண்டியை வாங்குவதே லாபம். காப்பீட்டை 'ஒப்புக்கொண்ட மதிப்பு' முறையில் எடுங்கள், இல்லையென்றால் விபத்தில் அறுபது வருஷப் பழைய கார் என்றே கணக்குப் போடுவார்கள். நாற்பது வருஷம் தாண்டிய வண்டிக்குச் சாலை வரி இல்லை, வருடாந்திர எம்ஓடி சோதனையும் கட்டாயமில்லை. ஆனால் பெரிய மாற்றம் செய்திருந்தால் அந்த விலக்கு போகும். சட்டம் கேட்காவிட்டாலும் வருஷத்துக்கொரு தடவை சோதனைக்குக் காட்டுங்கள்.

வி8_விசிறி:
மாற்றம் என்றதும் ஞாபகம் வருகிறது. மார்க் 2க்கு ஐந்து கியர் பாக்ஸ், பவர் ஸ்டியரிங் எல்லாம் போட்டால் மதிப்பு இறங்குமா?

கணக்கு_வாத்தி:
திருப்பி மாட்டக்கூடிய மாற்றம் என்றால் இறங்காது, பழைய பாகங்களைப் பெட்டியில் போட்டு வண்டியோடு கொடுக்கணும். 1965 செப்டம்பருக்கு முந்தைய மாஸ் கியர் பாக்ஸில் முதல் கியருக்கு சிங்க்ரோமெஷ் (பல்லை உரசாமல் சேர்க்கிற அமைப்பு) கிடையாது, அவசரப்பட்டால் பல்லைக் கடிக்கும். அதை ஓட்டுவதே ருசி என்பார்கள் சிலர். நகர நெரிசலில் அந்த ருசி பத்து நிமிஷம். பாடியை வெட்டிச் செய்த மாற்றம்தான் காசைக் கெடுக்கும்.

ஊசியும்_ஜெட்டும்:
ஓவர்டிரைவ் வேலை செய்யவில்லை என்று ஒரு வண்டியை ஒதுக்கவேண்டாம். பெரும்பாலும் எண்ணெய் குறைவு, சாலினாய்டு, இல்லையென்றால் ஒரு அறுந்த வயர். கியர் பாக்ஸ் எண்ணெயையே அதுவும் குடிக்கிறது. அதில் இ.பி. (அதிக அழுத்தத்துக்கான) கியர் ஆயில் ஊற்றினால் கூம்பு கிளட்ச் வழுக்கும். இன்னொன்று, மார்க் 2 பாசிட்டிவ் எர்த், பேட்டரியின் பிளஸ் முனைதான் பாடியோடு சேரும். புது எலக்ட்ரானிக் இக்னிஷனைப் பார்க்காமல் மாட்டினால் ஒரு நொடியில் போய்விடும்.

மழைக்கோட்டு:
ஒரு விளம்பரம் கிடைத்திருக்கிறது. டிக்கியில் 3.8 பேட்ஜ், 'ஓவர்டிரைவ், இன்ஜின் அசல்' என்கிறார். இன்ஜின் நம்பர் எல்சி என்று ஆரம்பித்து கடைசியில் /8. சேசிஸ் நம்பர் வலது கை ஓட்டம், 1127 என்று ஆரம்பிக்கும் ஆறு இலக்கம், பின்னால் டிஎன். பாடியும் சில் தகடும் புதிதாகச் செய்த படங்கள் எல்லாம் இருக்கின்றன. விலை நல்ல 3.8 விலை.

கணக்கு_வாத்தி:
டிஎன் என்றால் ஓவர்டிரைவ், அது உண்மை. எல்சி 3.8 இன்ஜின்தான், /8 என்பது 8:1 கம்ப்ரெஷன். ஆனால் வலது கை 3.8இன் சேசிஸ் எண் 200001இல் ஆரம்பிக்கும், 3.4 என்றால் 150001. 100001இல் ஆரம்பிப்பது 2.4. ஆக அது 2.4ஆகப் பிறந்த வண்டி, பிற்பாடு 3.8 இன்ஜின் ஏறியிருக்கிறது. பேட்ஜ் கடையில் கிடைக்கும்.

துருப்பிடிச்சவன்:
பொடி நல்லாச் செய்து கிடக்கெண்டால் தூக்கி எறியாதேங்கோ தம்பி. ரெண்டு பின் சில்லையும் தூக்கி, முன் சில்லுக்குக் கட்டை வைச்சு, நியூட்ரலிலை ஒண்டைக் கையாலை சுத்துங்கோ. மற்றதும் அதே பக்கம் சுத்தினால் 3.8இன்ரை பவர்-லொக் அச்சையும் (ஒரு சில்லு மட்டும் தனியா வழுக்கிச் சுத்தாமல் தடுக்கிறது) மாத்தியிருக்கினம். எதிர்ப்பக்கம் சுத்தினால் பழைய 2.4 அச்சு.

ஊசியும்_ஜெட்டும்:
அது முக்கியம். 2.4இன் அச்சு விகிதம் 4.27, ஓவர்டிரைவ் வண்டிக்கு 4.55. ஓவர்டிரைவ் உள்ள 3.8க்கு 3.77. எழுபது மைலில் ஓவர்டிரைவ் போட்டு ஓட்டும்போது 3.8 அச்சில் இன்ஜின் சுமார் 2,600 சுற்று, 2.4 அச்சில் 3,150. வேகமானியும் அச்சுக்குப் பொருந்தாமல் பொய் சொல்லும். ஓட்டும்போது செல்போனில் வேகத்தைப் பார்த்து டாகோமீட்டரோடு (இன்ஜின் சுற்றுமானி) ஒப்பிடுங்கள், சக்கரத்தைத் தூக்காமலே தெரிந்துவிடும்.

மழைக்கோட்டு:
சனிக்கிழமை போகிறேன். காந்தம், டார்ச், பழைய கோட்டு. 2.4 விலைக்கு மேல் எவ்வளவு வரை போகலாம்?

கணக்கு_வாத்தி:
நல்ல 2.4 விலை, அதோடு ஒரு 3.8 இன்ஜின் விலை. அச்சும் மாற்றியிருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பேட்ஜுக்கு ஒரு பைசா கொடுக்காதீர்கள்.